‘சரி மிஸ்’

இன்சுலின் விஷயத்தில் நான் செய்த ஒரு பிழையில் இருந்தே தொடங்குகிறேன். அடுத்தவர் பிழையைச் சொல்லித் தொடங்குவது சுலபம், ஆனால் அது அவ்வளவு நேர்மையாகப் படவில்லை.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த காலம். இரவு டியூட்டி. அறுபது வயது தாண்டிய ஒரு பாட்டி, ஆயுள் முழுக்கக் கொழுந்து எடுத்தவர், சீனி வருத்தத்துக்கு இரண்டு வேளையும் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அன்று இரவு வாந்தி, ஒன்றும் சாப்பிடவில்லை, சீனியும் இறங்கியிருந்தது. டொக்டருக்குப் போன் எடுத்தேன். ‘இரவு இன்சுலினை ஒமிட் பண்ணுங்கள்’ என்றார், அதாவது போடாமல் விடுங்கள் என்று. டிக்கெட்டில், அதாவது நோயாளியின் குறிப்பேட்டில், ‘ஒமிட்’ என்று எழுதினேன். காலை ஏழு மணிக்கு அடுத்த ஷிஃப்ட் வந்தபோது, இருபத்துச் சொச்சம் நோயாளிகளைப் பத்து நிமிடத்தில் ஒப்படைக்கிற அவசரத்தில், ‘பத்தொன்பதாம் கட்டில், இன்சுலின் ஒமிட்’ என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். கேட்டுக்கொண்டிருந்தவர் ‘ஹரி’ என்று தலையாட்டினார். ஹரி என்றால் நம்ம ‘சரி’தான்.

நான் சொன்னது அந்த ஒரு ஊசியை. அவர் விளங்கிக்கொண்டது, இன்சுலினையே நிறுத்திவிட்டார்கள் என்று. பகல் டொக்டர் டிக்கெட்டைப் பார்த்தார், இரவு டொக்டர் ஏதோ காரணத்தோடுதான் நிறுத்தியிருப்பார் என்று நினைத்து விட்டுவிட்டார். சின்ன ஆஸ்பத்திரியில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் தூக்கிப்போட மாட்டார், அது ஒரு மரியாதை. மூன்றாம் நாள் காலை பாட்டியின் சீனி 400ஐத் தாண்டி நின்றது. தப்பிவிட்டார், கடவுள் புண்ணியம். எனக்குத் திட்டு விழுந்தது. ஆனால் இது எப்படி நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் பல வருடம் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தால், இதில் மொழி தெரியாதவர் யாருமே இல்லை. எல்லோருக்கும் சிங்களமும் தெரியும், ‘ஒமிட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் தெரியும். விளங்கவில்லை என்று யாராவது ஒருவருக்குத் தோன்றியிருந்தால் கேட்டிருப்பார், கதை அங்கேயே முடிந்திருக்கும். எல்லோருக்கும் ‘விளங்கிவிட்டது’, அதுதான் சிக்கல். ஆஸ்பத்திரியில் ஆபத்தானது புரியாத பேச்சு இல்லை, புரிந்துவிட்டது என்று இரண்டு பக்கமும் நிம்மதியாகப் பிரிந்து போகிற பேச்சு.

நம்ம மலையகத்தில் இது கூடுதலாக நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழ் பேசுகிறவர்கள், தோட்டத்து ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறவர்களில் பெரும்பான்மை அவர்கள்தான். வார்டில் தாதியர் தங்களுக்குள் பேசுவது அநேகமாகச் சிங்களம். டொக்டர்மார் படித்தது ஆங்கிலத்தில், டிக்கெட்டில் எழுதுவதும் ஆங்கிலத்தில். நோயாளி சொல்வது தமிழ், அதுவும் தோட்டத்து வரிசை வீடுகளில் பேசுகிற லயத்துத் தமிழ். ஆக, ஒரு பெண் ‘நெஞ்சு எரியுதுங்க’ என்று சொன்னால் அது சிற்றூழியர் வழியாகச் சிங்களமாகி, டொக்டரின் பேனையில் ஆங்கிலமாகி, அவர் கொடுக்கிற உத்தரவு திரும்பச் சிங்களமாகி, கடைசியில் ‘இந்தாங்க, இந்தக் குளிசையைச் சாப்பாட்டுக்கு முந்திப் போடுங்க’ என்று தமிழாகி அவர் கைக்கு வருகிறது. நாலு தடவை கை மாறுகிற பாத்திரத்தில் தண்ணீர் சிந்தாமல் இருந்தால்தான் அதிசயம்.

அதிலும் மொழிபெயர்க்கிறவர் யார்? அநேகமாக அந்த நேரத்தில் பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவர். பெருக்குகிற அக்கா, கேட் காவலாளி, பக்கத்துக் கட்டில்காரி, சில நேரம் நோயாளியின் சொந்தப் பிள்ளை. பத்து வயதுச் சிறுமியிடம் ‘அம்மாவுக்கு மாதவிடாய் எப்போது வந்தது’ என்று கேட்கச் சொன்ன இடத்தில் நான் நின்றிருக்கிறேன். அந்தப் பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்தது, அம்மா சுவரைப் பார்த்தார், டிக்கெட்டில் ஏதோ ஒரு திகதி விழுந்தது. அந்தத் திகதியை நான் நம்பவில்லை, டொக்டரும் நம்பியிருக்க மாட்டார், ஆனாலும் அது டிக்கெட்டில் இருந்தது.

‘இழுப்பு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம பக்கம் இழுப்பு என்றால் மூச்சு இழுக்கிற வீசிங்கும் அதுதான், கை கால் வெட்டி இழுக்கிற வலிப்பும் அதுதான். பேசுகிறவருக்குக் குழப்பமே கிடையாது, எந்த இழுப்பு என்று அவருக்குத் தெரியும். ஒரு நாள் இரவு ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் ஓடி வந்தார். ‘பிள்ளைக்கு இழுத்துக்கிட்டு இருந்துச்சுங்க’ என்றார். எனக்கு முன்னால் நின்ற சிற்றூழியர் அதைச் சிங்களத்தில் ‘ஹதிய’ என்று சொன்னார், அதாவது ஆஸ்துமா மாதிரி இழுப்பு. டொக்டர் போனில் நெபுலைஸ் பண்ண, அதாவது மாஸ்க் வழியாக மூச்சுக்கு மருந்து கொடுக்க, சொல்லிவிட்டார். மாஸ்கைக் கையில் எடுத்த பிறகுதான், அந்தத் தாய் என்னைப் பார்த்துத் தன் இடது கையை வெட்டி வெட்டிக் காட்டினார், கண்ணையும் மேலே சொருகிக் காட்டினார். காய்ச்சலில் வந்த வலிப்பு. அந்தக் கை அசையாமல் இருந்திருந்தால், வலிப்பு வந்து போன குழந்தையை நாங்கள் மூச்சுத் திணறல் குழந்தையாகவே இரவு முழுக்க வைத்திருப்போம்.

இது நம்ம ஊருக்கு மட்டும் உரிய கதை என்று நினைக்க வேண்டாம். 1980இல் அமெரிக்காவின் புளோரிடாவில், 18 வயது இளைஞர் ஒருவரை மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். கியூபாவில் இருந்து வந்த ஸ்பானிய மொழிக் குடும்பம். அவர்கள் சொன்ன சொல் ‘இன்டொக்சிகாதோ’. கியூபா பேச்சில் அதற்கு, சாப்பிட்டதோ குடித்ததோ ஏதோ உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் பொருள். ஆங்கிலக் காதுக்கு அது போதை என்று கேட்டது. போதை மருந்து அளவுக்கு மீறியதாக எண்ணி அதற்கே வைத்தியம் செய்தார்கள், உள்ளே மூளையில் இரத்தக் கசிவு ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குக் கை கால் நான்கும் செயலிழந்தன. பிறகு வழக்கில் முடிவான நட்டஈடு சுமார் 7 கோடியே 10 லட்சம் டொலர். இதில் எனக்கு உறைக்கிற இடம் பணம் இல்லை. மொழிபெயர்ப்பாளரை யாரும் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிட வேண்டும், எல்லோருக்கும்தான் விளங்கிவிட்டதே!

தமிழர் தமிழரோடு பேசினால் சிக்கல் இல்லை என்றும் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஒரு இளம் டொக்டர், நல்ல மனுஷன், ஒரு ஆச்சியிடம் ‘முட்டு இருக்கோ அம்மா?’ என்று கேட்டார். அங்கே முட்டு என்றால் ஆஸ்துமா. ஆச்சி சேலையைக் கொஞ்சம் தூக்கி, ‘ரெண்டு முட்டியுமே வலிக்குதுங்க ஐயா, படி ஏற முடியல’ என்று முழங்காலைக் காட்டினார். வார்டே சிரித்தது, டொக்டரும் சிரித்தார். இந்த மாதிரி சிரிப்போடு வெளியே வருகிற பிழைகள் நல்ல பிழைகள். ஆச்சி ஒரு வேளை கூச்சத்தில் ‘ஆமாங்க’ என்று மட்டும் சொல்லியிருந்தால்?

சிங்களத்துக்கும் தமிழுக்கும் நடுவில் ஒரே மாதிரி ஒலிக்கிற சொற்கள் இன்னொரு பள்ளம். சிங்களத்தில் ‘கெக்கும’ என்றால் வலி. தமிழில் பிள்ளை பாலைக் ‘கக்குது’ என்றால் வாந்தி. தாய் ‘கக்குது மிஸ்’ என்கிறார், தமிழ் அரைகுறையாகத் தெரிந்த காதில் அது வலியாகப் போய் விழ இடம் இருக்கிறது. சுத்தமாகத் தமிழ் தெரியாதவர் யாரையாவது கூப்பிட்டுக் கேட்பார். கொஞ்சம் தெரிந்தவர்தான் மாட்டுவார்.

மொழிச் சட்டங்களை நம்ம ஆட்கள் அடிக்கடி இழுப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழி ஆனது. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் ஏறியது. 2007 சுற்றறிக்கைப்படி அந்த வருடம் யூலை 1க்குப் பிறகு அரச சேவையில் சேருகிறவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று ஆனது. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மனம் வரவில்லை. தென் பகுதியில் இருந்து வந்த எத்தனையோ தங்கச்சிமார் இரவு டியூட்டிக்கு நடுவில் தமிழ்ப் புத்தகத்தை வைத்து மனப்பாடம் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பரீட்சைத் தமிழ் வேறு, ஓ.பீ.டி என்கிற வெளிநோயாளர் வரிசையில் நிற்கிற தமிழ் வேறு. ஒரு தடவை ஒரு கிழவர் ‘மேலுக்கு முடியலம்மா’ என்று சொன்னதைக் கேட்டு, ‘மேல்’ என்றால் மேலே என்று படித்திருந்த ஒரு தங்கச்சி, உடம்பின் மேல் பகுதியில் கோளாறு என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார். நம்மவருக்கு மேல் என்றால் உடம்பு முழுக்க. அவர் படித்த புத்தகத்தில் ‘மேலுக்கு முடியல’ இல்லை, ‘உடல் நலக்குறைவு’ இருந்தது. உடல் நலக்குறைவு என்று சொல்லிக்கொண்டு எந்த லயத்தில் இருந்து யார் வரப் போகிறார்கள்?

எண்களும் இப்படித்தான். சிங்களத்தில் எண்பது ‘அசூவ’, தொண்ணூறு ‘அனூவ’. ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். தகரக் கூரையில் மழை அடிக்கிற இரவில் மோசமான சிக்னலில் ஒருவர் பிரஷரை வாசித்துச் சொல்கிறார், நூற்றி எண்பதா நூற்றித் தொண்ணூறா என்பது கேட்கிறவரின் காதைப் பொறுத்தது. ஆங்கிலத்துக்குப் போனால் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. அதனால்தான் போனில் எண் சொல்லும்போது ‘ஒன் ஃபைவ்’ என்று இலக்கம் இலக்கமாகப் பிரித்துச் சொல்லுங்கள் என்று மருந்துப் பாதுகாப்புக்காரர்கள் வற்புறுத்துகிறார்கள்.

எழுத்திலும் தப்ப முடியாது. இன்சுலின் 10 யூனிட் என்பதற்கு 10 எழுதி பக்கத்தில் ஆங்கில யூ எழுத்தைப் போடுவார்கள். அவசரக் கையில் அந்த யூவின் வாய் மூடிக்கொண்டால் அது பூச்சியம், பத்து நூறாகிவிடும். 1 மில்லிகிராம் என்பதை 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 10 ஆகும். புள்ளிக்கு முன்னால் பூச்சியம் போடாமல் .5 என்று எழுதினால் புள்ளி தெரியாமல் 5 ஆகும். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கிற ஜொயின்ட் கமிஷன் 2004இல் இந்தச் சுருக்கங்களை எல்லாம் ‘பாவிக்கக் கூடாதவை’ என்று பட்டியலே போட்டது. ‘ஓ.டி’ என்ற சுருக்கத்தைப் பாருங்கள். நம்ம டொக்டர்மார் பிரித்தானிய வழக்கப்படி ஒரு நாளைக்கு ஒரு தடவை என்று அதை எழுதுவார்கள், கண் டொக்டர் எழுதினால் அது வலது கண். எழுதியவருக்கு என்றைக்கும் சந்தேகம் வராது.

பெயர் விஷயம் கொஞ்சம் வேடிக்கை, கொஞ்சம் பயம். நம்ம தோட்டங்களில் லெட்சுமி இல்லாத லயம் இருக்கிறதா? பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், கிளினிக் கொப்பியில் மூன்றாவது விதமாகவும் அந்தப் பெயரை எழுதி வைத்திருப்பார்கள். முன்னால் நிற்கிற முதலெழுத்து அப்பாவின் பெயர் என்பது சிங்களத் தாதிக்குச் சட்டென்று பிடிபடாது, அங்கே முன்னால் வருவது வம்சப் பெயர். ஒரே வார்டில் இரண்டு லெட்சுமி படுத்திருந்தால் ‘ஏழாம் கட்டில் லெட்சுமி’ என்று கட்டிலை வைத்துக் கூப்பிடுவோம். கூட்டம் கூடி ஏழாம் கட்டில்காரி பாய்க்கு இறங்கி, அவர் இடத்தில் வேறு ஒருவர் ஏறிப் படுத்திருப்பார். உலக சுகாதார நிறுவனம் 2007இல் நோயாளிப் பாதுகாப்புக்கென்று ஒன்பது தீர்வுகளை வெளியிட்டபோது, ஆளைச் சரியாக அடையாளம் காண்பது அதில் ஒன்று. குறைந்தது இரண்டு அடையாளத்தைப் பாருங்கள், அறை இலக்கம் போன்றதை அடையாளமாக எடுக்காதீர்கள் என்பது அதன் சாரம். பெயரோடு தோட்டத்தையும், நாங்கள் ‘கணக்கு’ என்று சொல்கிற டிவிஷனையும் கேட்பது நாங்கள் கண்டுபிடித்த வழி. ‘மேல் கணக்கு லெட்சுமியா, கீழ் கணக்கு லெட்சுமியா?’ அது கட்டில் இலக்கத்தைவிட நூறு மடங்கு மேல். ‘லெட்சுமிதானே?’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், அரைத் தூக்கத்தில் இருக்கிற எந்தப் பெண்ணும் ‘ம்’ என்றுதான் சொல்வார்.

இனி அந்தச் ‘சரி’க்கு வருகிறேன்.

மலையகத்தில் ‘சரி’ என்ற சொல்லுக்கு விளங்கிவிட்டது என்ற ஒரே பொருள் மட்டும் இல்லை. ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்பது ஒன்று. ‘உங்களோடு வாதாட நான் யார்’ என்பது இன்னொன்று. ‘இப்போதைக்கு விடுங்கள், வெளியே போய் யாரிடமாவது கேட்டுக்கொள்கிறேன்’ என்பது மூன்றாவது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் நின்று பெரிய கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் துரையிடமும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிப் பழகிய ‘சரிங்க’ அது. தோட்டத்துத் தொழிலாளிக்கு வைத்தியம் பார்க்கும் பொறுப்பைச் சட்டமாக எழுதி 1912இலேயே கட்டளைச் சட்டம் வந்தது. ஆனால் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து ஐயா தருகிற துண்டில்தான் அன்றைய வேலைக்குப் போவதா இல்லையா என்பது தங்கியிருந்தது. அப்படிப்பட்டவரிடம் ‘எனக்கு விளங்கல, திரும்பச் சொல்லுங்க’ என்று யார் கேட்பார்?

நோயாளியிடம் இருக்கிற இந்தச் சரியை எல்லோரும் கவனிக்கிறார்கள். ஊழியர்களிடம் இருப்பதைக் கவனிப்பதில்லை. ஆஸ்பத்திரியிலும் ஒரு பெரட்டுக்களம் உண்டு. சிற்றூழியர் தாதிக்குச் சரி சொல்வார், தாதி டொக்டருக்குச் சரி சொல்வார், சின்ன டொக்டர் பெரிய டொக்டருக்குச் சரி சொல்வார். ரவுண்ட்ஸில் பின்னால் நிற்கிறவருக்குப் பாதி கேட்காது, இருந்தாலும் தலை ஆடும். இரவு இரண்டு மணிக்குப் போன் எடுத்து ஒரு தடவை எரிச்சலான குரலைக் கேட்டுவிட்டால், அடுத்த தடவை போன் எடுக்கவே கை கூசும், எடுத்தாலும் சொன்னதைத் திரும்பக் கேட்க நா எழாது. நானே அப்படித்தான் இருந்தேன். அந்த ‘ஒமிட்’ இரவில், ‘இந்த ஒரு ஊசியை மட்டுமா டொக்டர், நாளைக் காலையில் இருந்து பழையபடியா?’ என்று கேட்டு எழுதியிருந்தால் போதும். எட்டுப் பத்துச் சொற்கள்தான்.

ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் 1990களில் ஆஸ்பத்திரி வார்டுகளில் ஓர் ஆய்வு செய்தார். ஒற்றுமையாக வேலை செய்கிற அணிகளில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்குத் தலைகீழாகக் கிடைத்தது, நல்ல அணிகளில்தான் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் கூடுதலாகப் பிழை செய்ததால் இல்லை, பிழையை வாய் திறந்து சொல்லப் பயப்படாததால் என்பதுதான் அவர் கண்ட விளக்கம். இதை முதலில் வாசித்தபோது எனக்கு நாங்கள் வைத்திருந்த பிழைப் பதிவுக் கொப்பிதான் ஞாபகம் வந்தது. மாதக்கணக்கில் வெறுமையாக இருக்கும். பெருமையாகக் கையெழுத்துப் போட்டு மூடி வைப்போம்.

இதற்கெல்லாம் உலகத்தில் கண்டுபிடித்த வழிகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றுகூடப் பெரிய விஞ்ஞானம் இல்லை. ‘எஸ்பார்’ என்ற முறை அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, கைசர் பெர்மனென்டே என்ற வைத்திய நிறுவனத்தின் வழியாக ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. போன் எடுத்தால் முதலில் இப்போது என்ன நடக்கிறது, பிறகு பின்னணி, பிறகு நான் என்ன நினைக்கிறேன், கடைசியில் எனக்கு என்ன வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். நம்ம பக்கத்தில் மூன்றாவதும் நாலாவதும்தான் கஷ்டம். ‘நான் என்ன நினைக்கிறேன்’ என்பதைத் தாதி டொக்டரிடம் சொல்வதா? அதிகப்பிரசங்கி என்று பெயர் வந்துவிடும். அதனால் ‘டொக்டர், பேஷன்ட் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு’ என்று சுற்றி வளைப்போம். அவரும் ‘சரி, பாத்துக்கொள்ளுங்கோ’ என்று வைத்துவிடுவார். அங்கே ஒரு மாதிரி என்றால் என்ன, பாத்துக்கொள்வது என்றால் எதை, எத்தனை மணி நேரத்துக்கு? பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ இருந்து டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ ஓர் ஆளை அனுப்ப வேண்டுமா என்று முடிவெடுக்கிற நேரத்தில், பனியும் வளைவும் இருக்கிற அந்த ரோட்டில், இந்த ஒரு மாதிரிக்குள் ஒரு மணி நேரம் போய்விடும். டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில் ஆஸ்பத்திரி 2017இல் திறந்ததும், 1990க்குப் போன் பண்ணினால் சுவசெரிய அம்புலன்ஸ் வருவதும் பெரிய விஷயங்கள்தான், ஆனால் அம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்ற பேச்சிலேயே நேரம் போனால் அவை என்ன செய்யும்?

ஷிஃப்ட் மாறும்போது ஒப்படைப்பதற்கு ‘ஐ-பாஸ்’ என்று இன்னொரு முறை. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது ஆஸ்பத்திரிகளின் குழந்தைகள் பிரிவுகளில் இதைப் பழக்கிப் பார்த்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். வைத்தியப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன, தடுத்திருக்கக் கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்தன. நோயாளி எவ்வளவு மோசம், சுருக்கம் என்ன, செய்ய வேண்டியது என்ன, என்ன ஆகலாம் என்று சொல்பவர் சொல்கிற நாலு விஷயத்துக்குப் பிறகு ஐந்தாவதாக ஒன்று வருகிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. பொறுப்பெடுக்கிறவர் தான் விளங்கிக்கொண்டதைத் தன் சொல்லில் திரும்பச் சொல்ல வேண்டும். ‘ஹரி’ செல்லாது. அந்தக் காலையில் அந்தத் தங்கச்சி ‘ஆக, இன்சுலினை நிறுத்தியாச்சு’ என்று திரும்பச் சொல்லியிருந்தால், ‘ஐயையோ, இல்லை இல்லை’ என்று நான் கத்தியிருப்பேன்.

நேரம் இல்லை என்பார்கள். உண்மைதான், இரண்டு பேர் நாற்பது கட்டிலைப் பார்க்கிற வார்டில் எல்லாவற்றையும் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம். ஊசி, எண், ஆளின் பெயர், நிறுத்துவது, தொடங்குவது, இவ்வளவுக்கு மட்டும் சொன்னாலே போதும் என்பது என் அனுபவம். நேரத்தைவிடக் கௌரவம்தான் கூடுதலாகக் குறுக்கே நிற்கிறது. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தேத்தண்ணியால்.

பிறகு வேலை செய்த வேறு ஓர் ஆஸ்பத்திரியில், அடுத்த நாள் காலை ஒபரேஷனுக்குப் போக வேண்டிய ஒரு பெண்ணைப் பற்றி சிற்றூழியர் அக்காவிடம் சொன்னேன், ‘இவங்களுக்குச் சாப்பாடு ஒண்ணும் குடுக்க வேண்டாம்.’ ‘சரி மிஸ்.’ விடிய ஐந்து மணிக்கு அந்தப் பெண் குளிரில் நடுங்குகிறார் என்று அக்கா ஒரு கோப்பை பால் தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்திருக்கிறார். தியேட்டரில் மயக்க மருந்து டொக்டர் கேட்டதும் விஷயம் வெளியே வந்தது, ஒபரேஷன் தள்ளிப்போனது. அக்காவை எல்லோரும் ஏசினார்கள், நானும் வாயைத் திறந்தேன். அவர் அழாமல், குரலை உயர்த்தாமல் ஒன்று கேட்டார்: ‘நீங்க சாப்பாடுன்னுதானே மிஸ் சொன்னீங்க, தேத்தண்ணி எப்படிச் சாப்பாடு?’

எந்தத் தமிழ் வீட்டில் தேத்தண்ணி சாப்பாடு? காலையில் வெறும் வயிற்றோடு மலைக்கு ஏறினேன் என்று சொல்கிற எந்தப் பெண்ணும் தேத்தண்ணி குடிக்காமல் ஏறியிருக்க மாட்டார், அது கணக்கிலேயே வராது. மயக்க மருந்து விதிப்படி பார்த்தாலும் விஷயம் நுணுக்கமானது. பொதுவாகத் திடச் சாப்பாட்டுக்கும் பாலுக்கும் ஆறு மணி நேரம் இடைவெளி கேட்பார்கள், பால் சேராத சாயத்தண்ணி தெளிந்த பானம், அதற்கு இரண்டு மணி நேரம். அப்படியானால் ‘எத்தனை மணிக்குப் பிறகு எது கூடாது’ என்று பிரித்துச் சொல்ல வேண்டியது நான். நான் சொன்னது பிழை, அவர் கேட்டது சரி.

அதற்குப் பிறகு அக்காவிடம் எதைச் சொன்னாலும் ‘நான் என்ன சொன்னேன்னு சொல்லுங்க பாப்பம்’ என்று கேட்கத் தொடங்கினேன். முதல் வாரம் முகம் சுருங்கியது. ‘என்னை நம்பலயா மிஸ், நான் என்ன ஸ்கூல் பிள்ளையா?’ என்றார். நியாயம். கேள்வியை மாற்றினேன். ‘நான் ஒழுங்காச் சொன்னேனான்னு பாக்கணும், ஒருக்கா திருப்பிச் சொல்லுங்கக்கா.’ அவரைச் சோதிக்கவில்லை, என்னைத்தான் சோதிக்கிறேன் என்று ஆனதும் வார்ட் கொஞ்சம் இளகியது. டொக்டரிடம் போனிலும் அதையே செய்து பார்த்தேன்: ‘நான் எழுதினதை வாசிக்கிறேன் டொக்டர், பிழை என்றால் சொல்லுங்க.’ ஒருவர் பெருமூச்சு விட்டார். மற்றவர்கள் கேட்டார்கள், இரண்டு தடவை திருத்தினார்கள்.

மாற்றம் வாங்கிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரியை விட்டு வருகிற மாதத்தில் ஒரு நாள் மாலை, இன்னொரு ஒபரேஷன் நோயாளி. அவசரத்தில் நான் பழைய குணத்துக்குப் போய், ‘பத்தாம் கட்டிலுக்கு விடிய ஒண்ணும் குடுக்காதீங்க’ என்று சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் இருந்து ‘சரி மிஸ்’ வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அக்கா தும்புத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்கிறார்.

‘எத்தனை மணில இருந்து மிஸ்? பால் தேத்தண்ணிக்கா, சாயத்தண்ணிக்குமா?’